சூளைக்குப் போகாத கல்

செங்கல் சூளையில் வேகிறது. சிமென்ட் அதைவிடக் கடுமையான உலையில், 1,400 டிகிரிக்கு மேல் வேகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமென்ட் தொழில் ஒன்றிலிருந்தே வருகிறது. சூழலுக்கு இசைந்த வீட்டுக்கு முதல் வேலை இந்தத் தீயைக் குறைப்பது. 

சூளைக்குப் போகாத கல்லுக்கு வழி புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் இருக்கிறது. அங்கே 1989இல் தொடங்கிய எர்த் இன்ஸ்டிடியூட் அதைக் கற்றுத் தருகிறது. மேல்மண்ணை ஒதுக்கி, அடிமண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் அச்சில் அழுத்தினால் கல். விறகு இல்லை, புகை இல்லை. நாலு வாரம் ஈரம் காயாமல் காத்தால் போதும்.

எல்லா மண்ணும் கல்லாகாது. கண்ணாடிப் புட்டியில் மண்ணையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி வைத்தால், மணல் உடனே அடியில் உட்காரும். வண்டல் அதன்மேல் படியும். களி மணிக்கணக்கில் கலங்கி நின்று கடைசியில் இறங்கும். பாதிக்குப் பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி என்றால் நல்ல மண். களி மிஞ்சினால் மணல் சேர்க்க வேண்டும். அந்த அடுக்கைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த கொத்தனாரே அந்த வீட்டின் முதல் பொறியாளர். அவர் பெயரை எந்தத் திறப்புவிழாக் கல்வெட்டு சொல்கிறது?

கொத்தனாரின் கையை நம்பியவர் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார். அதே ஒன்பது அங்குலச் சுவர்தான். செங்கல்லோ ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெக்கையையும் தடுக்கிறது. கூரைத் தளத்தின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் மங்களூர் ஓட்டைப் பதித்து சிமென்ட்டை மிச்சப்படுத்தினார்.

அவர் வழியைக் கற்க, திருவனந்தபுரத்தை அடுத்த விளப்பில்சாலையில் அவர் பெயரில் ஒரு மையம் இருக்கிறது. 1985இல் திருச்சூரில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பும் இருக்கிறது. மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துப் பழக வேண்டுவோருக்குத் திருவண்ணாமலையில் தண்ணல் என்ற அமைப்பு இருக்கிறது.

பயிற்சிக்குப் போகும் நாளில் கொத்தனாருக்குக் கூலி கிடைக்காது. வீடு கட்டுவோர் அந்தக் கூலியைக் கொடுத்து அவரையும் உடன் அழைத்துப் போவதே முறை. சுவரை எழுப்பப்போவது அவர் கை.