அரைப்பேர் என்றால் என்ன?



போன மாசி மாதம் லுணுகலைக்குப் போயிருந்தேன். பதுளையில் பஸ் ஏறி, பசறையைத் தாண்டி, பிபிலைப் பக்கம் போகும் பாதையில் வளைந்து வளைந்து போனால் வரும் ஊர். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், என் அம்மாயி (அம்மாவின் அம்மா) இருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். அடுப்படியில் உட்கார்ந்து அவர் பேசப் பேச, கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டேன். பேச்சின் நடுவே ஒரு வரி: "கொழுந்து கொறஞ்சா அரப்பேருதான் போடுவாங்க."

வீடு திரும்பியதும் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றிடம் அந்தப் பதிவைக் கொடுத்தேன். எழுத்து ஏறக்குறைய சரியாகவே வந்தது. உண்மையில் வியந்துபோனேன். பிறகு அதையே ஆங்கிலத்தில் தரச் சொன்னேன். 'அவர்கள் பெயரில் பாதியைத்தான் வைப்பார்கள்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்ற நேயர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, மலைக்குப் போய், குறித்த கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் செக்ரோல் என்ற பதிவேட்டில் அன்றைக்கு முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். அரை நாள் சம்பளம். மாதக் கடைசியில் கடைக்கடனை அடைக்க முடியுமா, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க முடியுமா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. இயந்திரத்துக்கு ஒலி சரியாகக் கேட்டது, எழுத்தும் பிழையில்லை. அம்மாயி சொன்னது மட்டும் போய்ச் சேரவில்லை.

இது புதிய சிக்கல் அல்ல. ஒலி, படம், காணொளி இவற்றிலிருந்து பொருளைப் பிரித்தெடுப்பது எப்படி என்று உலகமெங்கும் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1994இல் இன்ஃபோமீடியா என்றொரு திட்டம் தொடங்கியது. தொலைக்காட்சிச் செய்திகளைச் சேர்த்துவைத்து, பேச்சை எழுத்தாக்கினார்கள். திரையில் தெரியும் முகங்களையும் எழுத்துகளையும் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றையும் இணைத்து, வேண்டிய காட்சியைத் தேடி எடுக்கும் வழி செய்தார்கள். 2000ஆம் ஆண்டில் ஆர்னல்ட் ஸ்மெல்டர்சும் அவருடன் நால்வரும் எழுதிய ஆய்வுரை, இந்தத் துறையின் மையச் சிக்கலுக்கு ஒரு பெயரை நிலைக்கச் செய்தது. தமிழில் 'பொருள் இடைவெளி' எனலாம். படத்திலிருந்து கணினி எடுக்கக்கூடிய தகவலுக்கும், அதே படத்தைப் பார்க்கும் மனிதர் தம் சூழலில் கொள்ளும் பொருளுக்கும் நடுவே உள்ள தூரம் அது.

அந்தத் தூரம் பிறகு நிறையவே குறைந்திருக்கிறது. தேயிலை மலைப் படம் ஒன்றைக் கொடுத்தால், பெண்கள் தேயிலை பறிக்கிறார்கள் என்று இன்றைய மென்பொருள் சொல்லிவிடும். ஆனால் இடுப்பில் கட்டியிருப்பது படங்கு, கையில் இருப்பது மட்டக்கம்பு என்று அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது? அந்தச் சொற்களோடு சேர்ந்த படங்கள் எத்தனை இணையத்தில் இருக்கும்?

இயந்திரம் எதைக் கேட்டு வளர்ந்ததோ அதைத்தான் அறியும். 2022இல் வெளியான விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளுக்கு 680,000 மணி நேரப் பேச்சைக் கொடுத்துப் பழக்கினார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். மிச்சத்தைத்தான் தமிழ் உட்பட மற்ற மொழிகளெல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. அதே ஆண்டு சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கைகளை எடுத்து, வாசித்த குரலையும் அச்சிட்ட எழுத்தையும் வரிக்கு வரி பொருத்தி, பன்னிரண்டு மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கு மேற்பட்ட தொகுப்பை உருவாக்கியது. அதில் தமிழும் ஒன்று. வானொலியில் பேசுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் மகிழ்ச்சி. என்றோ காற்றில் போன குரல்கள் இன்று பாடப்புத்தகமாகியிருக்கின்றன. ஆனாலும் அது செய்தி வாசிக்கும் தமிழ். அந்தத் தமிழில் யாருக்கும் அரைப்பேர் விழுவதில்லை.

நம் இலங்கையில் நடந்த ஒரு வேலையை இங்கே சொல்ல வேண்டும். 2019இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உதயசங்கர் தயாசிவம், சுரங்கிகா ரணதுங்க ஆகியோர் இருந்த ஆய்வுக் குழு, சிங்களத்திலும் தமிழிலும் வங்கி வேலைக்காக மக்கள் பேசுவதை எடுத்துக்கொண்டது. மீதி எவ்வளவு என்று கேட்பது, பணம் போடுவது, எடுப்பது, பில் கட்டுவது என ஆறு நோக்கங்கள். தமிழில் அவர்கள் கையில் இருந்த பதிவு ஒரு மணி நேரம்கூட இல்லை. அதனால் பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் வேலையையே விட்டுவிட்டார்கள். ஆங்கிலம் பழகிய பேச்சறி மென்பொருளிடம் அந்த ஒலியைக் கொடுத்து, அது எந்தெந்த இடத்தில் எந்த எழுத்தாக இருக்கலாம் என்று ஊகிக்கும் கோலத்தை எடுத்து, அதிலிருந்து நேரே நோக்கத்தைக் கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். பலன் நன்றாகவே இருந்தது. கொஞ்சப் பதிவிலும் பொருள் எடுக்கலாம், என்ன கேட்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளி, தன் சேமலாப நிதியில் எவ்வளவு இருக்கிறது, இந்த மாதம் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று வாயால் கேட்டுப் பதில் பெற இந்த வழி உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். யாராவது செய்ய வேண்டும்.

இனிப் பேச்சை விட்டு, தப்பு என்ற தோல் வாத்தியத்துக்கு வருகிறேன். நான் மாசியில் போயிருந்த நேரம், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து தப்படியோடு நடந்துகொண்டிருந்தது. கூகுள் நிறுவனம் 2017இல் ஆடியோசெட் என்ற ஒலித்தொகுப்பை வெளியிட்டது. பத்துப் பத்து நொடியாக இருபது லட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள். நாய் குரைப்பு, மழை, இயந்திர இரைச்சல் என 632 வகைப் பெயர்கள். தபேலாவுக்கு அதில் தனிப்பெயர் உண்டு. தப்புக்கு இல்லை. அதைக் கேட்டுப் பழகிய மென்பொருள் காமன் கூத்து அடியையும் 'மேளம்' என்றுதான் சொல்லும், சாவீட்டு அடியையும் 'மேளம்' என்றுதான் சொல்லும். பக்கத்து மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணோ, காற்றில் வரும் நாலு அடியிலேயே இழவா, கோயிலா என்று தெரிந்துகொள்வாள். முன்பெல்லாம் விடியற்காலையில் பெரட்டுக்குக் கூப்பிட்டதும் தப்புதான். ஒரே தோல், ஒரே குச்சி, எத்தனை சேதி! இந்த அறிவு அடிப்பவர் கையிலும் கேட்பவர் காதிலும் மட்டும் இருக்கிறது.

எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். அவர் செய்திராவிட்டால் பல பாடல்கள் தடமில்லாமல் போயிருக்கும். புத்தகத்தில் சொல் தங்கியது, மெட்டுத் தங்கவில்லை. இன்று நமக்கு நேர்மாறான ஆபத்து. ஒவ்வொரு லயத்திலும் கைத்தொலைபேசி இருக்கிறது. ஒலியும் காட்சியும் குவிகின்றன. யார், எந்தத் தோட்டம், என்ன அடி என்று ஒரு வரிகூட இல்லாமல். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் 'ஆவணகம்' போன்ற இடங்களில் ஈழத்து ஒலிப்பதிவுகளும் படங்களும் காணொளிகளும் விவரக் குறிப்போடு சேர்க்கப்படுகின்றன. அந்தக் குறிப்பில்தான் எதிர்கால ஆய்வாளருக்கும், அவர் பழக்கும் இயந்திரத்துக்கும் பிடி கிடைக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவு செய்யும்போது முதலில் நீங்களே பேசுங்கள். திகதி, தோட்டம், டிவிஷன், பேசுகிறவர் யார், எதைப் பற்றி. அரை நிமிடம் போதும். பேசுகிறவரின் சம்மதத்தையும் கேட்டுப் பதிவிலேயே வாங்கிவிடுங்கள். ஒரு சொல் வெளியாருக்குப் புரியாது என்று தோன்றினால், அவரிடமே விளக்கம் கேளுங்கள்.

நான் அதைத் தாமதமாகத்தான் செய்தேன். சித்திரையில் மறுபடியும் போய், இந்த முறை காணொளியாக எடுத்தேன். "அம்மாயி, அரைப்பேருன்னா என்னா?" என்று கேட்டேன். என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஏந்தி, "கொழுந்து இம்புட்டு இருந்தா முழுப்பேரு" என்றார். கைகளைக் கொஞ்சம் கீழே இறக்கி, "இம்புட்டுன்னா அரப்பேரு" என்றார். ஒலியை மட்டும் கேட்டால் இரண்டும் ஒரே 'இம்புட்டு'. கையைப் பார்த்தால்தான் கணக்கு. அந்தக் கைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி நாலு விரல்கூட இருக்காது.

பதிவுக்குக் கீழே எழுதிவைத்தேன்: அரைப்பேர், அம்மாயியின் விளக்கம், லுணுகலை, சித்திரை மாதம், கையைப் பார்க்கவும்.