வெயிலை அறிந்து வீடு கட்டுவோம்

சித்திரை மாதத்து இரவில், ஊர் அடங்கிய பிறகு, உங்கள் வீட்டின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கதிரவன் மறைந்து நெடுநேரம் ஆகியும் சுவர் சுடும். காங்கிரீட் தளமும் அப்படியே. பகலெல்லாம் வாங்கிச் சேமித்த வெப்பத்தை அவை இரவில் நம்மீது திருப்பித் தருகின்றன. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுழற்றி வீசுகிறது. வசதி படைத்தவர் குளிர்சாதன இயந்திரத்தை வைத்துக்கொள்கிறார். வசதியற்ற வீட்டில் கைக்குழந்தையும் முதியவரும் உறக்கமின்றித் தவிக்கின்றனர். ஆகவே, வீடு கட்டும் முறை என்பது அழகைப் பற்றிய விஷயம் மட்டும் அன்று. அது உடல்நலத்தைப் பற்றியது, நீதியைப் பற்றியதுங்கூட.

முதலில் கதிரவனின் போக்கை அறிந்துகொள்வோம். சென்னை நகரம் நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரையில் ஒரு நாளும், ஆவணியின் தொடக்கத்தை ஒட்டி ஒரு நாளும், நண்பகல் வெயில் அங்கே நேர் உச்சியிலிருந்து விழுகிறது. எனவே கோடையில் மிகுதியான வெயிலை ஏற்பது கூரையே. அதற்கு அடுத்தவை கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். காலையிலும் மாலையிலும் கதிர்கள் தாழ்ந்து வருவதால், சன்னலின் மேலுள்ள சிறு மறைப்பு அவற்றைத் தடுக்க இயலாது. வடக்கிலும் தெற்கிலுமோ வெயில் பெரும்பாலும் உயரத்திலிருந்து விழும். ஓர் இறவாரமே போதிய நிழல் தந்துவிடும்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கட்டும். மேற்கே ஒரு வேம்பு நிற்கட்டும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடித்தால், வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். காற்று நுழைய ஒரு சன்னல் வைப்பதோடு நின்றுவிடாமல், அது வெளியேற எதிர்ப்புறத்தில் ஒரு வழியும் வைக்க வேண்டும். நம் பழைய வீடுகளின் முற்றம், சூடேறிய காற்று மேலெழுந்து போகும் வாயிலாகவும் வெளிச்சம் இறங்கும் வாயிலாகவும் விளங்கியது அல்லவா?

இனி, கட்டுமானப் பொருள்களைப் பற்றிச் சிந்திப்போம். சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். அதற்கு எரிபொருள் செலவாகிறது. போதாக்குறைக்கு அக்கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிந்து காற்றில் கலக்கிறது. செங்கல் சூளையும் எரிபொருள் கேட்பதே. ஆதலின் ஒரு செங்கல்லை மிச்சப்படுத்துவது பணத்தை மட்டும் மிச்சப்படுத்துவது ஆகாது.

இதை நன்குணர்ந்தவர் லாரி பேக்கர். 1917-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த இக்கட்டடக் கலைஞர், இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு புரிந்தார். தாயகம் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த வேளையில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்களை ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும் என்ற அண்ணலின் கருத்து அவர் உள்ளத்தில் ஊன்றியது. பின்னர் இந்தியாவிலேயே தங்கி, 2007-ஆம் ஆண்டு மறையும்வரை அக்கருத்தைக் கல்லிலும் மண்ணிலும் வடித்துக் காட்டினார். திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் அவர் எழுப்பியதே.

அவர் பரப்பிய முறைகளுள் ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவார்கள். ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே மூன்று அங்குல வெற்றிடம் உண்டாகும். செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் வீடும் குளிர்ச்சி பெறும்.

மற்றொன்று தளத்தைப் பற்றியது. பாரத்தால் தளம் வளையும்போது அதன் மேற்பகுதி அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. அமுக்கத்தைக் காங்கிரீட் தாங்கும். இழுப்பைத் தாங்குவது இரும்புக் கம்பி. ஆகவே கம்பிகளுக்கு இடையே, கீழ்ப்பகுதியில், காங்கிரீட்டுக்குப் பதிலாக மங்களூர் ஓடுகளை வைத்துத் தளம் வார்த்தார். சிமெண்டும் குறைந்தது, சூடும் தணிந்தது. நீங்கள் வகுப்பறையில் படிக்கும் பௌதிகம் ஓர் ஏழையின் கூரையாக மாறும் அதிசயம் இது!

ஆனால் ஓர் எச்சரிக்கை. விளிம்பு சிதையாத ஒரே அளவுள்ள செங்கல்லும், பயிற்சி பெற்ற கொத்தனாரும் இல்லாமல் எலிப்பொறிக் கட்டு சிறக்காது. கேரளத்தில் பொருந்தியதை இராமநாதபுரத்தில் அப்படியே நகல் எடுப்பதும் பேக்கரின் வழி ஆகாது. அந்தந்த ஊரின் மண், மழை, காற்று ஆகியவற்றை ஆராய்ந்து முடிவு செய்வதே அவர் காட்டிய வழி.

மாணவ நண்பர்களே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டையே ஓர் ஆய்வுக்கூடமாகக் கொள்ளுங்கள். எந்தச் சுவர் எப்போது சுடுகிறது, காற்று எவ்வழி வந்து எவ்வழி போகிறது, அடுக்களைப் புகை எங்கே தேங்குகிறது என்று குறித்து வையுங்கள். நாளை நீங்கள் வீடு கட்டும்போது அக்குறிப்பே முதல் வரைபடமாக அமையும்.