தூர மலையும் கிட்டிய இலையும்



சமயச் சங்கத்திலே கமராவைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். ஒரு மலையின் பொருட்டே இப்பேச்சு எழுந்தது, அம்மலை சிவனொளிபாதம். ஆகவே பொறுத்தருளுவீர்களென நம்புகின்றோம்.

எமது பாட்டனார் வாலிபப் பருவத்திற் பலமுறை அம்மலையேறித் தரிசித்தவர். இப்பொழுது முழங்கால் இடந்தருவதில்லை. சென்ற தை மாதம் நாம் மஸ்கெலியாப் பக்கம் புறப்பட்டபோது, "உச்சி தெரியக்கூடியதாய் ஒரு படம் எடுத்துக்கொண்டு வா, மோனை" என்றார். நாமும் முக்காலி நாட்டி, தேயிலைச் செடிகள் முன்னும் மலை பின்னுமாகப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தோம். அவர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "தேயிலை வடிவாய்த் தெரியுது, உச்சிக் கட்டிடம் எங்கை?" என்றார். எமக்கு விடை சொல்ல இயலவில்லை.

கமரா பழுதன்று; கை நடுங்கவில்லை; காலை வானமும் தெளிந்தே இருந்தது. நாம் நம்பியிருந்த விதியே எம்மைக் கைவிட்டது.

மெழுகுதிரியின் முன் குவிவு வில்லையை வைத்து, கடதாசியிலே சுவாலையின் விம்பத்தை வீழ்த்திப் பார்த்தவர்கள் இங்கு பலர் இருப்பீர்கள். ஒரேயொரு தூரத்திலேதான் அவ்விம்பம் கூராக நிற்கும். கமராவிலும் அப்படியே. குவியப்படுத்திய தூரத்திலுள்ள பொருள் மாத்திரம் புள்ளிக்குப் புள்ளியாய் விழும். ஏனையவற்றின் ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாய்ப் பரவும். அவ்வட்டத்தின் விட்டம் 0.03 மில்லிமீற்றருக்கு மேற்படாவிட்டால், கண் அதனைப் புள்ளியென்றே கொள்ளும் எனப் படச்சுருட் காலத்தில் ஒரு கணக்கு வகுத்தனர். அக்கணக்கின்படி, 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையை எப்/8 துவாரத்தில் வைத்து, ஏறத்தாழ 10.4 மீற்றரிற் குவியப்படுத்தினால், 5.2 மீற்றர் முதல் முடிவிலிவரை யாவும் கூர்மையென்றே கொள்ளப்படும். இதனை ஹைப்பர்போக்கல் தூரம் என்பர். நாம் செய்ததும் இதுவே.

இங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. அந்த 0.03 மில்லிமீற்றர் கையகலப் படத்தை எட்டப் பிடித்துப் பார்ப்பவருக்கு வகுத்த எல்லை. பூதக்கண்ணாடி பிடிக்கும் பாட்டனாருக்கன்று. தூர மலையோ அவ்வெல்லையின் ஓரத்திலேயே நிற்கிறது. 8 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மலையில் அச்சிறு வட்டம் 4.8 மீற்றர் அகலத்தை மூடும். கதவும் சுவரும் நிற்கும் அடியாரும் அதற்குள் ஒன்றாய்க் கரைந்துவிடுவர்.

கனடா நாட்டவரான ஹரோல்ட் மேர்க்லிங்கர் 1990களின் தொடக்கத்தில் வேறொரு வழியை எடுத்துரைத்தார். தூர மலையிலேயே குவியப்படுத்துங்கள் என்றார். அப்பொழுது கிட்டிய பொருள் எத்தூரத்திலிருப்பினும், அதன்மேல் விழும் மங்கல் துவாரத்தின் விட்டமளவே. எப்/8 என்பது குவியத்தூரத்தின் எட்டிலொரு பங்கு. 50 மில்லிமீற்றர் வில்லைக்கு 6.25 மில்லிமீற்றர். தேயிலை அதனிலும் பன்மடங்கு பெரிதல்லவா? அதன் விளிம்புப் பற்கள் மறையலாம். இலை இலையாகவே தெரியும்.

துவாரத்தை இன்னும் சுருக்கினால் இரண்டும் கூராகாவோ என நண்பரொருவர் கேட்டார். 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் அன்சல் அடம்ஸ், எட்வேட் வெஸ்டன் முதலியோர் எப்/64 என்ற சிறு துவாரத்தின் பெயரையே தம் குழுவுக்குச் சூட்டினார்கள். ஆனால் வெஸ்டன் 8 அங்குலத்துக்கு 10 அங்குலப் படலத்திலெடுத்து, பெருப்பிக்காமல் அப்படியே அச்சிட்டவர். எமது சிறு கமராவின் படம் எட்டு மடங்கு, பத்து மடங்கு பெருப்பிக்கப்படுவது. துவாரம் சுருங்கச் சுருங்க ஒளியின் கோணலினாற் புள்ளி பரவும். எப்/8இல் ஏறத்தாழ 0.011 மில்லிமீற்றர், எப்/22இல் 0.03. அவ்வளவு சுருக்கினால், விட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம்.

வில்லையிற் பொறித்த முடிவிலிக் குறியையும் கண்மூடி நம்பலாகாது. பல வில்லைகள் அதனைத் தாண்டியும் திரும்பும். திரையிலே உச்சியைப் பெருப்பித்துப் பார்த்துக் கையாற் குவியப்படுத்தி, விரல் படாமல் நேரக்கணிப்பானால் எடுத்தலே நன்று. பூவொன்று முன்னே நின்று, அதுவே படத்தின் உயிரானால், பூவிற் குவியப்படுத்துக. இரண்டு படங்களெடுத்து இணைப்பாரும் உளர். அது பொய்யென்று சில பெரியவர்கள் கோபிப்பார்கள். எமக்கு அப்படித் தோன்றவில்லை, ஆயினும் காற்றிலாடும் இலைகளோடு அவ்வேலை எளிதன்று.

பங்குனியில் மீண்டும் போனோம். அதே இடம், அதே வில்லை, அதே எப்/8, உச்சியிற் குவியப்படுத்தினோம். அச்சிட்ட படத்தைப் பாட்டனார் வாங்கிப் பூதக்கண்ணாடியை வைத்தார். கடுகளவாய்க் கட்டடம் தெரிந்தது. கண்ணாடியை எடுக்காமலே சற்று நேரம் இருந்தார். பிறகு கீழே நகர்த்தி, "தேயிலை என்ன, பனியிலை நனைஞ்சு போச்சோ?" என்று கேட்டார்.