தத்மோர் வென்றிருந்தால்



சிரியப் பாலையின் நடுவே பேரீச்சை சூழ்ந்த ஊர் ஒன்று உண்டு. அதன் மக்கள் அதற்கு இட்ட பெயர் தத்மோர். உலக வரலாறோ அதனைப் பால்மைரா என்றே அறியும். அது கிரேக்கரும் உரோமரும் வழங்கிய பெயர். அவ்வூர் அரசியின் பெயர் பாத்-சப்பாய். சப்பாயின் மகள் என்பது பொருள். அவளையும் செனோபியா என்னும் கிரேக்கப் பெயராலேயே ஏடுகள் குறிக்கின்றன. தோற்றவர்க்குத் தம் பெயர்கூட மிஞ்சுவதில்லை போலும்!

கி.பி. 260-இல் உரோமப் பேரரசன் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட்டான். கிழக்கு நடுங்கிய அவ்வேளையில் பாரசீகரைத் துரத்தியவன் தத்மோரின் தலைவன் ஒதைனாத்து. 267-இல் அவன் கொலையுண்டான். அவன் மனைவி பாத்-சப்பாய் இளமகன் வகபல்லாத்தின் பெயரால் ஆட்சியேற்றாள். 270-இல் அவள் படை எகிபதுக்குள் புகுந்தது. ஒட்டகச் சாத்து நடத்திப் பொருளீட்டிய ஒரு வணிக ஊர், உரோமுக்குக் கூலம் அனுப்பிய நாட்டையே கைக்கொண்டது எளிய செயலா?

272-இல் அவுரேலியன் படையெடுத்து வந்தான். அந்தியோக்கியாவுக்கு அருகே உரோமக் குதிரைப்படை தோற்றோடுவதுபோல் ஓடியது. மெய்ம்மறை பூண்ட தத்மோர்க் குதிரைவீரர் வெய்யிலில் துரத்திக் களைத்தபின் திரும்பித் தாக்கியது. அடுத்த போர் எமேசாவில். அங்கே தத்மோர்க் குதிரைப்படை முதலில் உண்மையாகவே வென்றது. வென்ற களிப்பில் அணி குலைந்து துரத்திற்று. உரோமக் காலாட்படை அக்குலைவினுள் புகுந்து வெட்டி வீழ்த்திற்று.

அன்று அவ்வணி குலையாதிருந்தால்? அப்போது மேற்கே காலியா தனியரசாகப் பிரிந்து நின்றது. 274-இல்தான் அது அடங்கிற்று. அவுரேலியன் கிழக்கில் நெடுநாள் தங்கியிருக்க இயலாது. சிரியாவில் ஒரு தனியரசு நிலைத்திருக்கக்கூடும். தத்மோரின் மொழியும் வாழ்ந்திருக்கும் என்று சொல்லத் தோன்றும்.

அம்மொழி அரமேயத்தின் ஒரு கிளை. உரோமின் கீழிருந்த கீழை நகர்கள் பலவும் கிரேக்கத்திலேயே பொதுக் கல்வெட்டுகளை வெட்டிய காலத்தில், தத்மோர் தன் மொழியைக் கைவிடவில்லை. 137-ஆம் ஆண்டின் உல்குச் சட்டம் இருமொழியிலும் வெட்டப்பெற்றது. அக்கல் இன்று உருசியாவின் எர்மித்தாசு அருங்காட்சியகத்தில் உள்ளது. 271-இல் படைத்தலைவர் இருவர், மறைந்த ஒதைனாத்துக்குச் சிலையெடுத்து, அவனை மன்னர் மன்னன் என்று தாய்மொழியிலேயே பொறித்தனர்.

ஆயினும் அவ்வரசு அடித்த காசுகளைப் பாருங்கள்! அந்தியோக்கியாவில் இலத்தீன், அலெக்சாந்திரியாவில் கிரேக்கம். அவ்வூர் அக்கசாலைகள் அவ்வாறே பழகியவை என்று கரணியம் கூறுவர். கூறட்டும். இளமகனுக்குச் சூட்டிய பட்டமும் அகசுடசு என்னும் உரோமப் பட்டமே. உரோமை எதிர்த்த அரசு தானே உரோமாக விழைந்தது. எமேசாவில் வென்றிருந்தாலும் அதன் அரண்மனையில் கிரேக்கமே வீற்றிருந்திருக்கும்.

273-இல் மீண்டும் கிளர்ந்த தத்மோர் சூறையாடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அவ்வெழுத்துக் கல்வெட்டுகள் ஓய்ந்தன. உரோமப் பாசறை எழுந்தது; இலத்தீன் கல்வெட்டு ஏறிற்று. 1754-இல் பார்த்தெலெமி என்னும் பிரெஞ்சு அறிஞர் படித்துக் காட்டும்வரை அவ்வெழுத்து ஊமையாய்க் கிடந்தது.

வடக்கே எதெசா என்றொரு சிற்றரசு. அதன் மொழியும் அரமேயக் கிளையே. தத்மோர் வீழுமுன்பே அவ்வரசு உரோமுக்குள் கரைந்து போயிற்று. அதற்குச் செனோபியா இல்லை. எமேசாப் போர் இல்லை. ஆனால் ஏடு இருந்தது. கிறித்தவ மறையை அம்மொழியில் பெயர்த்தனர். 373-இல் மறைந்த எபிரேம் அம்மொழியில் பாடல்கள் இயற்றினார். அதுவே சிரியாக்கு மொழி. பழஞ்சேர நாடாகிய கேரளத்துச் சிரியக் கிறித்தவர் வழிபாட்டிலும் அது இன்றும் ஒலிக்கிறது. தத்மோரின் மொழியிலோ ஏறத்தாழ 3,000 கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. நூல் ஒன்றேனும் வந்து சேரவில்லை.

அக்கல்வெட்டுகளுள் ஒன்று பிரித்தானியாவின் வடபுலத்தில், சவுத் சீல்ட்சு என்னும் ஊரில் உள்ளது. தத்மோரிலிருந்து அத்துணைத் தொலைவு சென்ற பராத்து என்பவன், இறந்த தன் மனைவி இரெகினாவுக்கு எடுத்த கல். மேலே தட்டுத்தடுமாறிய இலத்தீன். அதன் கீழே தத்மோர் எழுத்தில் ஒரே வரி, செம்மையாக. அவ்வூரில் அதைப் படிக்கவல்லார் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆயினும் இலத்தீனில் இல்லாத ஐயோ என்னும் சொல்லை அவ்வரியில்தான் அவன் வெட்டுவித்தான்.