பசுமை வேலையும் பழைய இரும்பும்



கவரைப்பேட்டை என்ற ஊரின் பெயரை இந்திய நாடு ஒரே இரவில் அறிந்துகொண்டது. 2024 அக்டோபர் 11-ஆம் நாள் இரவு, மைசூரிலிருந்து தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி விரைவு வண்டி, இங்கே நின்றிருந்த சரக்கு வண்டியின்மேல் மோதியது. செய்தியாளர் வந்தனர், அதிகாரிகள் வந்தனர், தண்டவாளம் சீரானதும் திரும்பிச் சென்றனர். அதே நிலையத்தில் நாள்தோறும் விடியற்காலையில் நடைபெறும் மற்றொரு காட்சியைக் காண எவரும் வருவதில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டி வண்டிக்காகக் காத்து நிற்கிறார்களே நம் பிள்ளைகள், அந்தக் காட்சியைத்தான் சொல்லுகிறேன். ஐ.டி.ஐ. முடித்தவன் நிற்கிறான். பட்டயம் பெற்றவன் நிற்கிறான். பொறியியற் பட்டதாரியுங்கூட நிற்கிறான். ஆறு திங்களுக்கு ஒரு முறை ஒப்பந்தக்காரரின் பெயர் மாறும், ஆலை மாறும், இவன் கூலி மட்டும் மாறாது.

இவர்களுக்குத்தான் இப்போது ஒரு புதுச்சொல் வழங்கப்படுகிறது. "பசுமை வேலை" என்பது அதன் பெயர். செவிக்கு இனிய சொல். பசுமை என்றால் நம்மவர்க்கு வயல் நினைவுக்கு வரும். வயலை இழந்தவனுக்குச் சற்றுக் கூடுதலாகவே நினைவுக்கு வரும்.

இந்தச் சொல்லை நான் எள்ளி நகையாட வரவில்லை. 2015-இல் மத்திய அரசு பசுமை வேலைகளுக்கென்றே ஒரு திறன் குழுமத்தை அமைத்தது. அதே காலத்தில் "சூரியமித்ரா" என்ற திட்டம் வந்தது. 600 மணி நேரம் பயிற்சி தந்து, 2020 மார்ச்சுக்குள் 50,000 சூரிய மின் தொழிலாளர்களை உருவாக்குவது அதன் இலக்கு. 2022 மார்ச் 1-ஆம் நாள் தமிழ்நாட்டில் "நான் முதல்வன்" தொடங்கப்பட்டது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் 71-ஐ 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பிக்கும் வேலையும் அதே ஆண்டில் எடுத்துக்கொள்ளப்பட்டது. பயிற்சி வேண்டாம் என்று சொல்லும் மூடன் எவனுமில்லை. பயிற்சி முடிந்த மறுநாள் காலை அந்தப் பிள்ளை எந்த வாயிலில் நிற்பான் என்பதே நம் கேள்வி.

முதலில், எது பசுமை வேலை என்று பார்ப்போம். துண்டறிக்கைகளில் ஒரே படந்தான் இருக்கிறது: மஞ்சள் தலைக்கவசம் அணிந்த இளைஞன், மாடிமேல் சூரியத் தகடு, பின்னால் நீல வானம். அந்தப் படத்தின் மறுபக்கத்தைக் காண வேண்டுமானால் இராமநாதபுரம் மாவட்டம் கமுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே 2016-இல் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் எழுந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலம். சுமார் 8,500 பேர் இரவு பகலாக உழைத்து எட்டே மாதத்தில் கட்டி முடித்தனர். உலகமே வியந்தது. கட்டி முடித்த பின்னர் அந்த 8,500 பேருக்கு அங்கே என்ன வேலை? தகடுகளின்மேல் படியும் புழுதியைத் துடைக்கும் வேலையாவது மிஞ்சியதா என்றால், அதையும் இயந்திர மனிதன் செய்கிறான்! அமைக்கிற நாளில் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். அமைத்த பிறகு சில கண்கள் போதும். சூரிய மின்சாரத்தின் இயல்பு அது. அதைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால் அமைக்கும் நாட்களை மட்டும் எண்ணி "இத்தனை ஆயிரம் வேலை" என்று பறையறைவோரை நாம் கணக்குக் கேட்கலாமன்றோ?

அப்படியானால் நிலைத்து நிற்கும் பசுமை வேலை எங்கே இருக்கிறது? தோழர்களே, அது உங்கள் மூக்கின்கீழேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்கு உலைகளிலும் ரோலிங் மில்களிலும் இருக்கிறது. உடைந்த கப்பலும் ஓடாத பேருந்தும் துருப்பிடித்த கதவும் லாரியில் வந்து, மின் உலையில் உருகி, கட்டடக் கம்பியாக வெளியே போகிறது. பழைய இரும்பிலிருந்து ஒரு டன் உருக்கு செய்தால், ஏறத்தாழ 1,400 கிலோ இரும்புத் தாதுவும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சம் என்று உலக உருக்குச் சங்கமே கணக்கிட்டிருக்கிறது. இதைக் காட்டிலும் பசுமையான வேலை எது? ஆயினும் உலையின் முன் நிற்பவனை எவரும் பசுமைத் தொழிலாளி என்று அழைத்ததில்லை. அழைத்தால், அவனுக்குத் தரவேண்டியதைத் தரவேண்டியிருக்குமே!

அவன் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பழைய இரும்பில் மூடிய உருளை ஒன்று கலந்து வந்துவிட்டால், ஈரம் சிறிது ஒட்டியிருந்தால், உலைக்குள் அது வெடித்து உருக்குக் குழம்பு தெறிக்கும். ஆகவே வந்த இரும்பை இனம் பிரிப்பதே உயிர்காக்கும் கலை. அந்தக் கலையை எந்தப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள்? பக்கத்தில் நிற்கும் பழைய தொழிலாளியின் அதட்டலே பள்ளி. அவன் உடலிலுள்ள தழும்பே பாடநூல்.

பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கும் தொழில் இதனினும் கொடிது. உலகில் பயன்படும் ஈயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பேட்டரிகளுக்கே போகிறது. அதை மீட்டெடுக்காமல் முடியாது. பேட்டரியை உடைத்து, அமிலத்தை வடித்து, தட்டை உருக்குகையில் எழும் தூசு, தொழிலாளியின் சட்டையோடு வீட்டுக்கு வருகிறது. தந்தையைக் கட்டிக்கொள்ள ஓடிவரும் குழந்தையின் மூச்சுக்குள் போகிறது. இந்த அளவு ஈயம் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். இது புதிய அறிவுமன்று. வெள்ளையன் ஆண்ட 1923-ஆம் ஆண்டிலேயே, இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஈய நஞ்சு தொழில் நோய் என்று எழுதப்பட்டுவிட்டது. நூறு ஆண்டு கடந்தும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் தன் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று கேட்டால், அவனுக்கு விடை கிடைக்கிறதா? பிறகு எதற்காக அந்த ஆலை வாயிலில் "மறுசுழற்சி" என்று பச்சை எழுத்தில் எழுதுகிறார்கள்?

இன்னொன்றும் வரப்போகிறது; அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். இன்று மாடிகளில் ஏறும் சூரியத் தகடுகள் என்றைக்காவது செத்துத்தானே ஆகவேண்டும்? 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள், செத்த தகடுகளை 2034-35 வரை சேமித்து வைக்கும்படி உற்பத்தியாளர்க்குக் கட்டளையிடுகின்றன. அதற்குப் பின்? கண்ணாடியும் அலுமினியமும் சிறிது வெள்ளியும் பற்றவைப்பில் ஈயமும் கொண்ட அந்த மலையை எவரேனும் உடைத்தாக வேண்டும். பழைய இரும்பும் பழைய பேட்டரியும் தேடிவரும் ஊருக்கு, அபாயக் கழிவைப் புதைக்கும் பொதுநிலையம் ஏற்கெனவே அமைந்திருக்கும் ஊருக்கு, பழைய தகடு மட்டும் வழி தெரியாமல் போய்விடுமா? அன்று உடைக்கப்போகிறவன் இன்று பள்ளியில் படிக்கிறான். அவன் முறையாகப் பயின்று, சோதனைக்கூடமும் மருத்துவரும் உள்ள ஆலையில் நிரந்தரத் தொழிலாளியாக உடைப்பானா, கொட்டகையில் சுத்தியலால் உடைப்பானா என்பதை முடிவு செய்யும் ஆண்டுகள் இவைதாம்.

வாக்குறுதிகளை நம்பி இருக்கலாமே என்பீர்கள். நமக்கு அருகிலேயே இருக்கிறது தேர்வாய் கண்டிகை. அந்த மக்கள் ஆடுமாடு மேய்த்து, காத்து வளர்த்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சிப்காட்டுக்குப் போயிற்று. மிச்சலின் டயர் ஆலை வந்தது. வேலை வரும், வளம் வரும் என்றார்கள். பெரும்பான்மையாக ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் அந்தச் சிற்றூரின் சங்கத்தார், 2012-இல் பிரான்சு நாட்டுத் தொழிற்சங்கமான செ.ழெ.தே.யோடும் வேறு அமைப்புகளோடும் சேர்ந்து, பாரிசு வரைக்கும் புகார் கொண்டு சென்றனர். மேய்ச்சல் நிலத்துக்கு ஈடு எது என்ற அவர்களது கேள்வி வாக்குறுதியால் வாயடைக்கப்படவில்லை.

வாக்குறுதி போதாது, எழுத்தில் வேண்டும். எங்கே எழுதுவது? இங்கே தோழர்கள் செவி சாய்க்க வேண்டும்.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் 18-ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளி அல்லர் என்கிறது. 24 மாதங்களுக்குள் 480 நாள் உழைத்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்களல்லவா? அந்த 480 நாளைத் தாண்டாமலிருக்க முதலாளிகள் கண்ட குறுக்குவழிதான் "பயிற்சியாளர்" என்னும் பட்டம். 2013-இல் "நீம்" என்றொரு திட்டம் வந்து, இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் இயந்திரத்தின் முன் நிறுத்தி, தொழிலாளி என்ற பெயரை மட்டும் மறுத்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. திட்டம் போயிற்று, தந்திரம் போகவில்லை.

ஆனால் அதே 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு இருக்கிறது. அதன் முதல் உட்பிரிவு முதலாளிக்குச் சாதகம்: பயிற்சி முடித்தவனுக்கு வேலை தரும் கட்டாயம் இல்லை, 2014-இல் திருத்தி, வேலைக்கு எடுப்பதைப் பற்றிய கொள்கையை அவரே வகுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். இரண்டாம் உட்பிரிவைத்தான் எவரும் படிப்பதில்லை. பயிற்சி முடிந்தபின் பழகுநர் அந்த முதலாளியிடமே பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்குமானால், ஏற்ற வேலையை அளிக்க முதலாளி கட்டுப்பட்டவர்! ஒரே ஒரு வரி. அந்த வரி ஒப்பந்தத்தில் இருந்தால் பயிற்சி வேலையாகிறது. இல்லாவிட்டால் பயிற்சி மலிவுக் கூலியாகிறது. ஆகவே நம் கோரிக்கை எளியது: மக்கள் வரிப்பணம் ஒரு காசு பெற்றாலும், "பசுமை" என்ற பெயரில் பயிற்சி நடத்தும் எந்த ஆலையும் அந்த வரியை எழுத வேண்டும். எழுத மறுப்பவர், பயிற்சிக்கு ஆள் கேட்கிறாரா, கூலிக்கு ஆள் கேட்கிறாரா என்பது அன்றே வெளியாகிவிடும்.

பயிற்சி நிலையமும் இங்கேயே வேண்டும். கவரைப்பேட்டைப் பெண் ஒருத்தி அம்பத்தூர் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ரயிலில் போக வேண்டுமானால், சென்னைக்குள் சென்று வண்டி மாற வேண்டும். மாலை வண்டி தாமதமானால் வீட்டில் என்ன பேச்சு எழும் என்பது உங்களுக்குத் தெரியும். உலைக்கு அருகில், உலைத் தொழிலாளியே ஆசிரியனாக இருக்கும் பள்ளி ஒன்று சிப்காட் எல்லைக்குள் அமையட்டும்.

வெளிநாடுகளில் இது நடந்ததா என்று கேட்போர்க்குச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். அமெரிக்க எண்ணெய், வேதியியல், அணுத் தொழிலாளர் சங்கத்தின் டோனி மசோக்கி, நஞ்சான நிலத்தைத் தூய்மைப்படுத்தப் பெருநிதி இருக்கையில், வேலையிழக்கும் தொழிலாளிக்கு ஏன் ஒரு பெருநிதி கூடாது என்று வாதிட்டார். செருமனியில் 2018 டிசம்பரில் கடைசிக் கருங்கல் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டபோது, கட்டாய வேலைநீக்கம் இல்லாமலே அந்த நெடிய முடிவு நிறைவேற்றப்பட்டது. அங்கே சங்கம் வலிவோடு இருந்தது. பேச்சு மேசையில் அதற்கு நாற்காலி இருந்தது.

நமக்குள்ள இடர் வேறு. உலை முன் நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்தவர்கள். "அவன் வந்ததால்தான் நம் பையனுக்கு வேலையில்லை" என்று தேநீர்க் கடையில் பேசுவோர் நம்மிலும் உண்டு. அவன் குறைந்த கூலிக்கு வருவது ஆசையாலன்று. அவனைக் கொண்டு நம் கூலியையும், நம்மைக் காட்டி அவன் கூலியையும் அழுத்துகிறார்கள். 2025 செப்டம்பர் 30-இல் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து மாண்டவர்கள் 9 பேர். வெளிமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களை நீக்கிவிட்டு எழுதும் பயிற்சித் திட்டம் எதுவும் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது.

ஆகவே, இவ்வுரையைக் கேட்கும், அச்சில் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. வரும் வாரம் சிப்காட்டில் மாலை முறை மாறும் நேரத்துக்குச் செல்லுங்கள். கையில் ஒரு குறிப்பேடு போதும். பயிற்சியாளர் என்று அட்டை அணிந்திருப்போரைக் கேளுங்கள்: எத்தனை மாதமாக இங்கே இருக்கிறாய், ஒப்பந்தத்தின் படி உன்னிடம் இருக்கிறதா, அதில் 22-ஆம் பிரிவு நிபந்தனை உண்டா? ஈய ஆலைத் தொழிலாளியைக் கேளுங்கள்: கடைசியாக இரத்தம் எடுத்துப் பார்த்தது எப்போது, முடிவுத் தாளை உன் கையில் தந்தார்களா? பெயரை எழுத வேண்டாம். ஆலையையும் நாளையும் மட்டும் எழுதுங்கள். இந்தி தெரிந்த தோழர் ஒருவரையும் ஒரியா தெரிந்த தோழர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்ல மறவாதீர்கள்.