மதுரையில் பிறந்த சிங்களப் படம்



தலவாக்கலையில் எமது பாடசாலை மாணவனொருவன் சென்ற தவணையில் என்னை வினவினான்: "சேர், முதலாவது சிங்களப் படத்தைக் கொழும்பில்தானே எடுத்தார்கள்?" மதுரையில் என்றேன். வகுப்பே நகைத்தது. நான் வேடிக்கை பேசுவதாக எண்ணினார்கள் போலும்.

1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி திரைக்கு வந்த 'கடவுனு பொரொந்துவ' என்பதே முதலாவது சிங்களப் பேசும் படம். மினர்வா நாடகக் குழுவினர் மேடையேற்றிய, பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் நாடகமே அதன் கதை. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படப்பிடிப்பு நிகழ்ந்த இடம், மதுரையிலிருந்த சித்திரகலா மூவிடோன் ஸ்டூடியோ.

ஏன் கடல் கடந்தார்கள்? ஸ்டூடியோ என்பது பார்வைக்கு நமது தேயிலைத் தொழிற்சாலையைப் போன்றதொரு பெருங்கொட்டகைதான். ஆயினும் அதனுள் வெளியோசை புகலாகாது, உள்ளோசை எதிரொலிக்கலாகாது. ஆகையால் சுவர்களுக்கு ஓசையை உறிஞ்சும் உறை போர்த்துவார்கள். படக் கருவியின் இரைச்சலையும் அடக்கியாக வேண்டும். மேலே கண்ணைக் கூசவைக்கும் பெருவிளக்குகள். கீழே வியர்வை சொட்ட நடிகர்கள். ஒருவர் இருமினால் காட்சி முழுவதையும் மீண்டும் எடுக்க வேண்டும்! எடுத்த சுருளைக் கழுவிப் பிரதியெடுக்க ஆய்வுகூடம் வேண்டும். ஒலியையும் ஒளியையும் இசைவித்து ஒட்ட வெட்டறை வேண்டும். இவற்றை ஒருங்கே கொண்ட நிலையம் அன்று இலங்கையில் இருக்கவில்லை.

பின்னர் நாயகம் அவர்களே கந்தானையில் ஸ்டூடியோ நிறுவினார். 1952இல் அவரது 'பண்டா நகரயட்ட பெமினீம' வெளிவந்தது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் கருவிகளைக் கிராமத்து வெயிலுக்கே கொண்டுசென்றார். அதனால் ஸ்டூடியோவின் தேவை ஒழிந்துவிடவில்லை. சுருளைக் கழுவவும் ஒலி சேர்க்கவும் அங்கேதானே திரும்ப வேண்டும்? அதே லெஸ்டரின் 'சந்தேசய' படத்தை 1960இல் தயாரித்தளித்தவர் கே. குணரத்தினம் என்னும் தமிழர். ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ அவருடையது.

1983 ஜூலையில் அந்த ஸ்டூடியோவைத் தீயிட்டார்கள். ஒரு தமிழரின் சொத்து என்று கொளுத்தினார்கள். உள்ளே எரிந்தவையோ சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள். மூலச்சுருள் அழிந்தால் அதே தரத்தில் புதிய பிரதி எடுக்க இயலாது. கையிலுள்ள பிரதியோ ஓட ஓடத் தேயும். கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். அச்சுருள்களை எங்கிருந்து கொணர்வது? இதை மாணவர்களிடம் சொல்லியபோது எவரும் நகைக்கவில்லை.

இன்னொரு செய்தியையும் அவர்களுக்குச் சொன்னேன். அந்த முதற்படத்தின் நாயகி ருக்மணி தேவி. கொழும்புச் செட்டிக் குடும்பத்தவர். இயற்பெயர் டெய்சி ராசம்மா. 1923இல் அவர் பிறந்த ஊர், இதே நுவரெலியா மாவட்டத்து றம்பொடை. நுவரெலியாவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் அவ்வழியேதான் வளைந்து இறங்குகிறது. அருவியைக் காண அங்கே சென்ற பிள்ளைகள் வகுப்பில் பலர். இச்செய்தியை அறிந்தவர் ஒருவருமில்லை. 1978இல் வீதி விபத்தொன்றில் அவர் மறைந்தார். அவர் பாடிய சிங்களப் பாடல்கள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன.

அடுத்த நாட்காலை, வினாத் தொடுத்த அதே மாணவன் அதிபர் அறை வாசலில் நின்றான். அந்தப் பாடல்களை எத்தனை மணிக்கு ஒலிபரப்புவார்கள் என்று அறிந்துகொள்ள வந்திருந்தான்.