மீட்பு என்றொரு சொல்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சிலுவைப் பலியினால் பாவத்தின் தண்டனையிலிருந்து விடுதலை என்கிற கிறித்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் இறையியல் படித்தவன் இல்லை. வங்கியில் எழுத்தர், கவிதை எழுதுகிறவன். ஆனாலும் நம்ம சேரிகள் பலவற்றில் ஒரு வேதக்கோயில் இருக்கிறது. அதற்குள் நம்ம அம்மாக்களும் சித்திகளும் உட்கார்ந்து கண்ணீரோடு கேட்கிற ஒரு செய்தியை, 'அது அவங்க மத விவகாரம்'னு ஒதுக்கிவிட்டு இங்கே ஒரு விடுதலை இயக்கம் நடத்த முடியாது. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நகைக்கடன் பிரிவில் நின்றால் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது காதில் விழுகிற சொல் 'மீட்பு'. திருப்பணும்பாங்க சிலர், மீட்கணும்பாங்க சிலர். அடகு வைத்த தாலிக்கொடி முத்திரையிட்ட பைக்குள் இருக்கும். அசலும் வட்டியும் கட்டினால் பை வெளியே வரும். கட்டாவிட்டால் ஏலம். தமிழ்க் கிறித்தவர்கள் இயேசுவை மீட்பர் என்று சொல்வது இந்தச் சொல்லை வைத்துத்தான். இது உவமைக்காக நான் இழுத்துவந்த ஒற்றுமை கிடையாது. மாற்கு நற்செய்தியில் வருகிற 'லுத்ரோன்' என்ற கிரேக்கச் சொல், அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கட்டுகிற பணத்தைக் குறிக்கும். அதைத்தான் தமிழில் 'மீட்கும் பொருள்' என்று பெயர்த்தார்கள். மத்தேயு எழுதிய கர்த்தர் ஜெபத்திலும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருப்பது பாவம் அல்ல, கடன்.

சரி, அடகு பிடித்தவன் யார்? பணம் யாருக்குப் போனது? இதைக் கேட்காமல் எந்த வங்கி எழுத்தனும் ரசீது போட மாட்டான். சபைப் பிதாக்களும் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன், நான்காம் நூற்றாண்டின் நீசா கிரகோரி போன்றவர்கள், பிசாசுக்குத்தான் என்றார்கள். கடவுள் பிசாசுக்குக் கடன் கட்டுவதா என்று பிற்காலத்தவர்களுக்குக் கூச்சம் வந்தது. 1098-இல் அன்செல்ம் என்கிற பேராயர் ஒரு நூலை முடித்தார். கடவுள் ஏன் மனிதனானார் என்பதுதான் அதன் தலைப்பும் கேள்வியும். அவருடைய பதில் இது: பாவம் என்பது கடவுளின் மாட்சிமைக்கு நேர்ந்த இழுக்கு. கடவுள் அளவற்றவர், எனவே இழுக்கும் அளவற்றது, ஈடும் அளவற்றதாக இருக்க வேண்டும். பட்டிருப்பது மனிதன், கட்டக்கூடியவர் கடவுள் மட்டும். ஆகவே கடவுளே மனிதனாகி வந்தார். அதற்குப் பின்னால் லூதர் வந்தார், சட்டம் படித்த கால்வின் வந்தார். ஈடு என்பது தண்டனை ஆயிற்று. நமக்கு வரவேண்டிய தண்டனையை இன்னொருவர் வாங்கிக்கொண்டார் என்றாயிற்று. இன்று தெருமுனைக் கூட்டங்களில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பதிப்பைத்தான்.

அன்செல்மின் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குற்றத்தின் அளவு, செய்த காரியத்தைப் பொறுத்து மட்டும் இல்லை. யாருக்கு எதிராகச் செய்தாய், அவன் அந்தஸ்து என்ன என்பதைப் பொறுத்து ஏறுகிறது. அது ஐரோப்பிய நிலப்பிரபுக்களின் காலம், அவர்கள் நீதி அப்படித்தான் இருந்தது. நமக்கு இந்தக் கணக்கு புதிதா? மனுவின் எட்டாம் அத்தியாயத்தைத் திறந்தால் இதே தராசு தொங்குகிறது. பிராமணனை வைத சத்திரியனுக்கு 100 பணம் அபராதம். வைசியனுக்கு 150 அல்லது 200. சூத்திரனுக்கு உடல் மேல் தண்டனை. பிராமணன் சூத்திரனை வைதால் 12 பணம். பஞ்சமன் இந்தப் பட்டியலிலேயே வரவில்லை. கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையில் உயர்வு தாழ்வு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தஸ்தை வைத்துக் குற்றத்தை நிறுக்கிற தராசை ஒரு தடவை கோயிலுக்குள் விட்டுவிட்டால், அது பலிபீடத்தோடு நிற்காது.

தமிழ்நாட்டிலும் நிற்கவில்லை. எல்லாருக்காகவும் சிந்திய ஒரே இரத்தம் என்று சொல்லிக்கொடுத்த பாத்திரத்தை, ஆதிக்க சாதிக்காரர் முதலில் பருக, நம்மவர் பின்னால் பருகினார்கள். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபைக்குள் உடனே கைவிட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் உயர்சாதிக் கிறித்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். பாவத்தின் தண்டனை போய்விட்டது என்று நம்பினவர்கள்தான், பந்தியில் சமமாய் உட்கார முடியாது என்றார்கள். ரொம்பப் பழைய கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே நின்ற சுவரை எதிர்த்துப் போராட்டம் நடந்தது 2010-இல்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம்ம பாட்டிகளுக்கு இந்தச் செய்தி என்னவாக இருந்தது? கர்மம் என்கிற கணக்கில் முன்பாக்கி போன பிறவியிலிருந்து வருகிறது. வேறு யாரும் கட்ட முடியாது, இந்தப் பிறவியில் தீராது, சேரியில் பிறந்ததே பாக்கி இருப்பதற்கு அத்தாட்சி. அந்தக் கணக்குக்கு எதிரே வந்து, 'முழுசாக் கட்டியாச்சு தாயி, கணக்கு முடிஞ்சது'ன்னு ஒருத்தர் சொன்னால் அது சின்ன விஷயமில்லை. நிமிர்ந்து நடந்தார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். நாத்திகம் பேசுகிற தோழர்கள் இதைக் கேலி செய்யும்போது எனக்குக் கோபம் வரும்.

ஆனால் அண்ணல் அம்பேத்கர் வைத்த கேள்வி அப்படியே நிற்கிறது. மதம் மாறியவர்களின் நிலை பற்றி அவர் எழுதி, வாழ்நாளில் அச்சேறாமல் போன கட்டுரை ஒன்று உண்டு. தொகுப்பு நூல்களின் ஐந்தாம் தொகுதியில் இருக்கிறது. மனிதனின் வீழ்ச்சிக்கு அவனுடைய பாவமே காரணம் என்கிற போதனை, சமூகக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பேராபத்து என்கிறார். தீண்டப்படாதவன் வீழ்ந்து கிடப்பதற்குக் காரணம் அவனைச் சுற்றியுள்ள சமூகம். அவனிடம் போய் உன் பாவத்தை ஒப்புக்கொள் என்றால், எதிர்த்து நிற்க வேண்டிய சமூகம் அவன் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. பின்னாளில் அவர் எழுதிய நூலில் புத்தர், தான் வழி காட்டுகிறவன், மோட்சம் கொடுக்கிறவன் அல்ல என்று சொல்வது இதன் தொடர்ச்சி என்றே நான் படிக்கிறேன்.

எங்கள் மேசை மொழியில் சொன்னால் விஷயம் எளிது. கடன் வாங்கினவன் பண்ணையார். பதிவேட்டில் பெயர் நம்ம தாத்தா பெயர். கர்மம் அந்தப் பெயரிலேயே பாக்கி எழுதிற்று. சபை அதே பெயரில் பாக்கியைத் தள்ளுபடி செய்தது. பெயர் தப்பு என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. 1980-இல் மெல்பர்னில் நடந்த உலகத் திருச்சபை மாநாட்டில், ஹாங்காங் தொழிலாளர் மத்தியில் வேலை செய்த ரேமண்ட் ஃபங், மனிதர்கள் பாவம் செய்கிறவர்கள் மட்டும் அல்ல, பாவத்துக்கு ஆளானவர்களும்தான் என்று பேசினார். இங்கே அரவிந்த் நிர்மல் போன்றவர்கள் எண்பதுகளில் தலித் இறையியலைத் தொடங்கியதும் இதே காயத்திலிருந்துதான்.

பலி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. லேவியராகமம் பதினாறில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். ஒன்றை வெட்டுவார்கள். மற்றதன் தலையில் குரு இரண்டு கையையும் வைத்து ஜனங்களின் பாவத்தையெல்லாம் ஏற்றி, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார். பழைய தமிழில் அதற்குப் பெயர் போக்காடு. வெட்டிய கடாவின் தோலையும் மாம்சத்தையும் பாளையத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டெரிக்க வேண்டும். எபிரெயர் நிருபம் இதைப் பிடித்துக்கொண்டு, இயேசுவும் நகர வாசலுக்கு வெளியேதான் பாடுபட்டார் என்கிறது. ஊருக்கு வெளியே என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை. ஊரின் அழுக்கையெல்லாம் ஒரு சனத்தின் தலையில் ஏற்றி வெளியே வைப்பதுதானே சேரி? சாக்கடைக் குழிக்குள் நம்ம பையன் மூச்சுமுட்டிச் சாகிறானே, அது யாருக்காகச் செலுத்துகிற பலி? அமெரிக்கக் கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993-இல் எழுதிய நூலில் இதைத்தான் கேட்டார். அடிமைக் காலத்திலிருந்து பிறருக்குப் பதிலாகவே உழைத்து, பிறருக்குப் பதிலாகவே நொந்த பெண்களிடம், பதிலாளாய்ப் பாடுபடுவது புனிதம் என்று சொல்லலாமா என்று. நான் அவர் பக்கம். நம்ம ஜனத்துக்கு இன்னொரு போக்காடு வேண்டாம்.

இதற்கு விடை அதே லேவியராகமத்தின் ஆறாம் அதிகாரத்தில் கிடக்கிறது, பிரசங்கத்தில்தான் அதிகம் கேட்க முடிவதில்லை. அயலானை ஏமாற்றியோ பறித்தோ வைத்திருப்பவன், முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவன் கையில் சேர்க்க வேண்டும். குற்றநிவாரண பலியோடு இதுவும் கட்டாயம். அதாவது அசலோடு இருபது சதவீதம்! லூக்காவில் சகேயு நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். பறிகொடுத்தவன் கைக்குப் பொருள் வந்து சேராமல், மேலே இருக்கிறவரும் பறித்தவனும் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்கிற மன்னிப்பு அங்கே இல்லை.

நமக்கு இன்னொரு மீட்பு தெரியும், பஞ்சமி நில மீட்பு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை அடுத்து 1892-இல் நம்மவர்க்கென்று ஒதுக்கிய நிலம், மற்றவர்க்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம், எப்படியெப்படியோ யார் யார் பட்டாவிலோ போய்விட்டது. காரணை நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் செத்தவர்கள் இருவர், ஜான் தாமஸ், ஏழுமலை. பெயர்களைக் கவனியுங்கள். எந்தத் துப்பாக்கியும் இவன் வேதக்காரன், இவன் இல்லை என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்ப்பது அரசு. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியர், 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர் சேரவில்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை, தனக்கு மட்டும் ஏன் பெட்டிக்கடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-இல் தள்ளினார்கள். 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஆணையம் போட்டார்கள். பாவத்தின் தண்டனையிலிருந்து விடுதலை என்று கேட்டு ஞானஸ்நானம் எடுத்தவருக்கு, எடுத்ததற்கே ஒரு தண்டனை.

இறையியல் கல்லூரித் தோழர்கள் மூன்று பேர் முன்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள், பார்த்தேன். உங்களிடம்தான் கேட்கிறேன். அடுத்த பெரிய வெள்ளிக்கு ஏழு வார்த்தைகளைப் பிரசங்கிக்கும்போது, அந்த ஆறாம் அதிகாரத்தையும் ஒரு தடவை வாசித்துக் காட்டுவீர்களா? கோயில் சொத்து எவ்வளவு, அது யார் கையில் இருக்கிறது என்று கேட்பீர்களா? உங்கள் பதிலைக் கேட்டுவிட்டு மிச்சத்தைப் பேசலாம்.